தமிழ்நாட்டில் சோடாத் தயாரிப்பு

சோடா என்பது கார்பன்-டை-ஆக்சைடு (கரியமில வாயு) அழுத்தத்தின் கீழ்க் கரைக்கப்பட்ட குடிநீர் ஆகும். இதனுடன் சர்க்கரைப் பாகு, புளிப்பு, மணம், நிறம் ஆகியவை சேர்க்கப்பட்டால் அது தமிழ்நாட்டில் பொதுவாகக் கலர் எனப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ்நாட்டின் நகரங்கள் பலவற்றில் உள்ளூர்ச் சோடாக் கம்பெனிகள் இயங்கின. இவற்றுள் பெரும்பாலானவை குடும்பத் தொழில்களாகும். விருதுநகரில் 1916 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட காளிமார்க் இவ்வகை நிறுவனங்களுள் இன்றும் நிலைத்திருக்கும் ஒன்றாகும். பன்னாட்டு நிறுவனங்களின் வருகை, நெகிழிப் புட்டிகளின் பரவல், வரி விதிப்பு ஆகியவற்றால் உள்ளூர்ச் சோடாத் தொழில் பெரிதும் சுருங்கியுள்ளது.

பெயர்

தொடக்க காலத்தில் வளிமம் ஏற்றிய நீரைத் தயாரிக்கச் சோடா உப்பு (சோடியம் பைகார்பனேட்டு) பயன்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. இன்று விற்கப்படும் பெரும்பாலான சோடாவில் இந்த உப்பு தேவைப்படுவதில்லை. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. கண்ணாடிக் கோலியால் அடைக்கப்பட்ட புட்டியில் வருவது கோலி சோடா எனவும், பன்னீர் மணம் சேர்க்கப்பட்ட இனிப்பு வகை பன்னீர் சோடா எனவும் அழைக்கப்படுகின்றன.

தோற்றம்

சோடாவின் வரலாறு ஒரு பியர் ஆலையில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் லீட்சு நகரில் வாழ்ந்த அறிவியலாளர் சோசப்பு பிரீசுட்லி, தம் வீட்டின் அருகில் இருந்த பியர் ஆலையில் நொதிக்கும் தொட்டிகளின் மேல் கனமான வளிமம் ஒன்று தேங்கி நிற்பதைக் கவனித்தார். 1767 ஆம் ஆண்டளவில் அந்த வளிமத்தில் நீரை வைத்து, அது இனிய புளிப்புச் சுவை பெறுவதைக் கண்டார். தம் முறையை 1772 இல் நூலாக வெளியிட்டார். செனீவாவைச் சேர்ந்த யாக்கோபு சுவெப்பு 1783 இல் இதனை வணிக முறையில் தயாரிக்கத் தொடங்கிப் பின்னர் இலண்டனுக்கு இடம்பெயர்ந்தார்.

பியருக்கும் சோடாவுக்கும் உள்ள வேறுபாடு வளிமம் வரும் வழியில் உள்ளது. பியரில் நுண்ணுயிரியான ஈசுட்டு சர்க்கரையை ஆல்ககாலாகவும் கார்பன்-டை-ஆக்சைடாகவும் மாற்றுகிறது. சோடாவில் நொதித்தல் இல்லை. வளிமம் வெளியிலிருந்து செலுத்தப்படுகிறது. இதனால் அதில் ஆல்ககால் இருப்பதில்லை. ஆயினும் உருளைகளில் அடைத்து விற்கப்படும் வளிமத்தின் ஒரு பகுதி, சாராய ஆலைகளிலும் பியர் ஆலைகளிலும் நொதித்தலின் துணைவிளைபொருளாகக் கிடைப்பதாகும்.

இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சோடா அறிமுகமானது. ஐரோப்பியர் மதுவுடன் கலந்து அருந்தவும், செரிமானத்துக்காகவும் இது பயன்பட்டது. சென்னையில் இசுபென்சர் நிறுவனம் சோடா தயாரித்து விற்றது. பின்னர் இத்தொழில்நுட்பம் உள்ளூர் வணிகர் கைக்கு வந்தது.

வளிமம் கரையும் முறை

நீரில் ஒரு வளிமம் கரையும் அளவு, அதன் மேல் உள்ள அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் அமையும். இது என்றியின் விதி எனப்படும். வெப்பநிலை உயர்ந்தால் கரையும் அளவு குறையும். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 0 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.7 லிட்டர் கார்பன்-டை-ஆக்சைடு கரையும். 20 பாகையில் இது 0.9 லிட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். நல்ல விறுவிறுப்புள்ள பானத்தில் நீரின் கன அளவைப் போல் மூன்று முதல் நான்கு மடங்கு வளிமம் இருக்க வேண்டும். எனவே நீரைக் குளிர்விப்பதும், அழுத்தத்தைக் கூட்டுவதும் இன்றியமையாதவை.

புட்டியைத் திறந்தவுடன் அழுத்தம் குறைவதால் வளிமம் குமிழிகளாக வெளியேறுகிறது. கரைந்த வளிமத்தின் ஒரு சிறு பகுதி நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. நாவில் உணரப்படும் காரமான உறைப்பு இதனால் ஏற்படுவதாகும்.

கோலிப் புட்டி

வளிமத்தை விடாமல் அடைத்து வைப்பதே இத்தொழிலின் முதற் சிக்கலாக இருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஐரம் காடு என்பவர் 1870களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு தீர்வைக் கண்டு காப்புரிமை பெற்றார். அவர் அமைத்த புட்டியின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலியும், வாயின் உட்புறத்தில் ஓர் இரப்பர் வளையமும் உள்ளன. புட்டியைத் தலைகீழாக நிறுத்தி நிரப்பும்போது கோலி வாய்ப்பகுதிக்கு வந்து சேர்கிறது. உள்ளிருக்கும் வளிமத்தின் அழுத்தம் அக்கோலியை வளையத்தின் மீது அழுத்திப் பிடிக்கிறது. இவ்வாறு, வெளியேற முயலும் வளிமமே தன் வழியை அடைத்துக்கொள்கிறது.

புட்டியைத் திறக்க, மரத்தாலான சிறு கட்டையால் கோலியை உள்ளே தள்ள வேண்டும். கழுத்தில் உள்ள இடுக்கு, கோலி அடிவரை விழாமல் தடுக்கிறது. பானத்தை ஊற்றும்போது கோலி மீண்டும் வாயை அடைக்காதபடி, ஒரு பக்கத்தில் உள்ள குழிவுகள் அதனைத் தாங்கிக்கொள்கின்றன.

1892 இல் அமெரிக்கரான வில்லியம் பெயின்டர் உலோக மூடிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் மேலை நாடுகளில் கோலிப் புட்டி மறைந்தது. இந்தியாவிலும் சப்பானிலும் அது தொடர்ந்தது. தனி மூடி வாங்கும் செலவு இல்லாததும், ஒரே புட்டியைப் பலமுறை பயன்படுத்த முடிந்ததும் இந்தியச் சிறு தயாரிப்பாளர்களுக்கு ஏற்றவையாக இருந்தன.

தயாரிக்கும் முறை

பழைய சோடாக் கம்பெனியில் ஒரு கைச்சக்கர இயந்திரமும், வளிம உருளையும், புட்டி கழுவும் தொட்டியும், பாகு காய்ச்சும் அடுப்பும் இருந்தால் போதும். தயாரிப்பின் படிகள் வருமாறு:

* திரும்பி வந்த புட்டிகள் சோடாக் காரம் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவப்படுகின்றன.
* நீர் வடிகட்டப்படுகிறது. கடின நீராக இருந்தால் சுவை கெடும் என்பதால் நல்ல கிணற்று நீர் தேடிப் பெறப்பட்டது.
* கலர் வகைகளுக்குச் சர்க்கரைப் பாகு, சிட்ரிக் அமிலம், மணப்பொருள், நிறம் ஆகியவை கலந்த கரைசல் முதலில் புட்டியில் ஊற்றப்படுகிறது.
* நீர் நிரப்பிய புட்டிகள் இயந்திரத்தின் கூண்டில் பூட்டப்படுகின்றன. வளிமம் செலுத்தப்படும்போதே சக்கரம் சுழற்றப்படுகிறது. இச்சுழற்சியால் வளிமம் நீருடன் விரைவாகக் கலக்கிறது.
* சுழற்சியின் முடிவில் கோலி வளையத்தில் பதிந்து புட்டி அடைபடுகிறது.

கீறல் விழுந்த பழைய புட்டிகள் அழுத்தம் தாங்காமல் வெடிப்பதுண்டு. இதனால் தொழிலாளருக்குக் கையிலும் கண்ணிலும் காயம் ஏற்படும் ஆபத்து உள்ளது. கம்பி வலைக் கூண்டும் தடித்த கையுறையும் இதற்கான பாதுகாப்புகளாகும்.

உள்ளூர்த் தொழிலாக அமைந்ததற்கான காரணங்கள்

சோடாவின் பெரும்பகுதி நீர் ஆகும். அதன் எடை அதிகம், விலை குறைவு. கண்ணாடிப் புட்டியின் எடை இதனுடன் சேரும். மேலும், புட்டியின் விலை உள்ளிருக்கும் பானத்தின் விலையைவிட அதிகமாக இருந்ததால் ஒவ்வொரு புட்டியும் கம்பெனிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் கொண்டுசென்று, வெற்றுப் புட்டிகளைத் திரும்பப் பெறக்கூடிய தொலைவே ஒரு கம்பெனியின் சந்தை எல்லையாக அமைந்தது. இவ்வெல்லை, தொலைவில் இருந்த பெரிய நிறுவனங்களின் போட்டியிலிருந்து சிறு தயாரிப்பாளரைக் காத்தது. ஊருக்கு ஊர் சுவை வேறுபட்டதற்கும் இதுவே காரணமாகும்.

விருதுநகரும் காளிமார்க்கும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகியவை அமைந்துள்ள பகுதி மழை குறைந்த கரிசல் நிலமாகும். வேளாண்மை நிலையற்றதாக இருந்த இப்பகுதியில் வணிகமும் சிறு தொழில்களும் வளர்ந்தன. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அதனைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் அங்கு வளர்ந்தன. விருதுநகர், மதுரை - தூத்துக்குடி இருப்புப்பாதையில் அமைந்த வணிக நகரமாக இருந்தது. 1923 வரை அதன் பெயர் விருதுபட்டி என்பதாகும்.

இந்நகரில் பி. வி. எசு. கே. பழனியப்ப நாடார் 1916 ஆம் ஆண்டில் காளி ஏரேட்டட் வாட்டர் ஒர்க்சு என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இதன் வணிகப் பெயரே காளிமார்க் ஆகும். காலப்போக்கில் அவருடைய குடும்பத்தினர் தமிழ்நாட்டின் வேறு நகரங்களிலும் ஆலைகளை அமைத்தனர். இவ்வாறு பல ஊர்களில் ஆலைகள் அமைந்ததால், புட்டிகளை நெடுந்தொலைவு கொண்டுசெல்லாமலேயே ஒரே பானத்தை மாநிலத்தின் பல பகுதிகளில் விற்க முடிந்தது.

1950களின் இறுதியில் இந்நிறுவனம் பவண்டோ என்னும் பானத்தை அறிமுகப்படுத்தியது. கோலா போன்ற கருஞ்சிவப்பு நிறமும் திராட்சையை நினைவூட்டும் சுவையும் கொண்ட இப்பானம், தென் மாவட்டங்களில் திருமண வீடுகளிலும் உணவகங்களிலும் பரவலாக வழங்கப்பட்டது. எண்ணெயில் பொரித்த விருதுநகர்ப் புரோட்டா போன்ற கனத்த உணவுக்குப் பின் இதனை அருந்தும் வழக்கம் உண்டு.

மதுரையின் மாப்பிள்ளை விநாயகர் சோடாவும், வின்சென்டு, டொரினோ ஆகிய பானங்களும் தமிழ்நாட்டில் புகழ்பெற்றிருந்த பிற வகைகளாகும்.

பன்னாட்டு நிறுவனங்களின் வருகை

அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைக்க உடன்படாத கோக்கா-கோலா நிறுவனம் 1977 இல் நாட்டை விட்டு வெளியேறியது. அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் இந்தியப் பானங்களுக்கு வளர்ச்சிக் காலமாக அமைந்தன. தம்சப், காம்பா கோலா ஆகியவை நாடெங்கும் பரவின.

1990 இல் பெப்சி விற்பனைக்கு வந்தது. 1993 இல் கோக்கா-கோலா திரும்பியது. அதே ஆண்டில் பார்லே நிறுவனத்தின் தம்சப், லிம்கா, கோல்டு இசுபாட்டு ஆகிய பெயர்களை விலைக்கு வாங்கியது. மும்பையில் 1889 முதல் இயங்கிய டியூக்சு நிறுவனம் 1994 இல் பெப்சியிடம் சென்றது.

உள்ளூர்க் கம்பெனிகள் மூன்று வகைகளில் பாதிக்கப்பட்டன. முதலாவது, விளம்பரச் செலவில் அவற்றால் போட்டியிட இயலவில்லை. இரண்டாவது, பெரிய நிறுவனங்கள் கடைகளுக்குக் குளிர்பதனப் பெட்டிகளை அளித்தபோது, அப்பெட்டிகளில் பிற பானங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது, எடை குறைந்ததும் திரும்பப் பெற வேண்டாததுமான நெகிழிப் புட்டி பரவியவுடன், தொலைவு தந்த பாதுகாப்பு மறைந்தது. பல கம்பெனிகள் மூடப்பட்டன. பல ஊர்களில் ஆலை அமைத்திருந்த காளிமார்க் நிலைத்து நின்றது.

2017 ஆம் ஆண்டுப் புறக்கணிப்பு

2017 சனவரியில் சல்லிக்கட்டு உரிமைக்காக நடந்த போராட்டங்களில் வெளிநாட்டுக் குளிர்பானங்களுக்கு எதிரான முழக்கம் எழுந்தது. திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டானில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்கப்படுவதும் எதிர்ப்புக்கு உள்ளாகியிருந்தது. இவ்வாலைகளுக்கு நீர் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது.

தமிழ்நாட்டின் வணிகர் அமைப்புகள் 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக்கா-கோலா பானங்களை விற்பதில்லை என அறிவித்தன. இதனால் பவண்டோ உள்ளிட்ட உள்ளூர்ப் பானங்களுக்குத் தேவை உயர்ந்தது. இது சட்டப்படியான தடை அன்று என்பதால், நாளடைவில் பன்னாட்டுப் பானங்கள் கடைகளுக்குத் திரும்பின. கோலி சோடா, பன்னீர் சோடா ஆகியவற்றின் மீதான ஆர்வம் அதன் பின்னரும் தொடர்ந்தது.

வரி

2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, இனிப்பு சேர்த்த வளிமப் பானங்களுக்கு 28 விழுக்காடு வரியும் 12 விழுக்காடு மேல்வரியும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் இவை இணைக்கப்பட்டு ஒரே 40 விழுக்காடாயின. ஆண்டுக்குச் சில இலட்சம் புட்டிகள் தயாரிக்கும் குடும்பக் கம்பெனிக்கும் பன்னாட்டு நிறுவனத்துக்கும் விகிதம் ஒன்றே ஆகும்.

சிறு தொழில்கள் விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் செலுத்தும் இணக்க வரித் திட்டத்திலிருந்து வளிமப் பானத் தயாரிப்பாளர்கள் 2019 அக்டோபரில் நீக்கப்பட்டனர். சர்க்கரை மிகுந்த பானங்களின் நுகர்வைக் குறைக்க உயர் வரி தேவை என்பது ஒரு வாதமாகும். எல்லா அளவிலான தயாரிப்பாளருக்கும் ஒரே விகிதம் பொருந்தும்போது சிறியவரே முதலில் விலகுவர் என்பது எதிர் வாதமாகும்.

உடல்நலம்

சாதாரணச் சோடாவில் சர்க்கரை இல்லை. இனிப்புப் பானங்களில் பொதுவாக 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை உள்ளது. எனவே 300 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து பெறும் ஆற்றல், நாளொன்றுக்குரிய மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு 2015 இல் பரிந்துரைத்தது. இது வளர்ந்தவர் ஒருவருக்கு ஏறத்தாழ 50 கிராம் ஆகும். பானம் உள்ளூரில் தயாரிக்கப்பட்டதாயினும் இக்கணக்கு மாறாது.

பண்பாட்டில்

மேடைப் பேச்சாளருக்கு இடையில் சோடா உடைத்துக் கொடுப்பது தமிழ்நாட்டு அரசியல் கூட்டங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கமாகும். கலவரங்களில் சோடாப் புட்டிகள் எறிபொருளாகப் பயன்பட்டதும் உண்டு. விசய் மில்டன் இயக்கத்தில் 2014 இல் கோலி சோடா என்னும் பெயரில் ஒரு திரைப்படம் வெளிவந்தது.

இவற்றையும் பார்க்கவும்

* பதநீர்
* நன்னாரி
* விருதுநகர்
* சிவகாசி