டீச்சரை மாத்திட்டாங்க, பள்ளியை இணைக்கப் போறாங்க... யாரிடம் முறையிடுவது? பழவேற்காடு பெற்றோருக்கு ஒரு விளக்கம்

பழவேற்காடு ஏரியோரக் குப்பம் ஒன்றில் இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் தொடக்கப் பள்ளி. ஒருவரை ‘மாற்றுப் பணி’ என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள் என வைத்துக்கொள்வோம். ஐந்து வகுப்புக்கும் இப்போது ஒரே டீச்சர். அப்பா விடியற்காலையிலேயே வலையோடு போய்விட்டார், அம்மா மீன் விற்கக் கிளம்ப வேண்டும். பள்ளி வாசலில் நின்று, “யார்கிட்டக்கா போய்ச் சொல்றது?” என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறார். “ஊர்ப் பஞ்சாயத்துல சொல்லு” என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில்.

அந்தப் பதில் தப்பில்லை. ஆனால், அது முழு பதிலும் இல்லை.

இரண்டு பஞ்சாயத்து

மீனவர் குப்பங்களில் ‘பஞ்சாயத்து’ என்றால் இரண்டு. ஒன்று, பரம்பரையாக வரும் ஊர்ப் பஞ்சாயத்து. ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடுவது என்கிற ‘பாடு’ முறை, ஊர் வரி, திருவிழா, தகராறு எல்லாம் அங்கேதான் பேசி முடிக்கப்படும். இன்னொன்று, 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அமைந்த கிராம ஊராட்சி. பள்ளி விஷயத்தில் சட்டம் ‘உள்ளாட்சி அமைப்பு’ என்று சொல்வது இதைத்தான்.

ஊர்ப் பஞ்சாயத்தின் தீர்மானத்தை வைத்து ஓர் ஆசிரியரைத் திரும்ப வரவழைக்க முடியாது. ஆனால், நூறு பேரைக் கிராம சபைக்கு அழைத்துவரவும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கவும் அதைவிட நல்ல ஏற்பாடு குப்பத்தில் கிடையாது. அந்த வேலைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பெயர்ப் பலகை சொல்லாத விஷயம்

பள்ளிப் பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று இருப்பதைப் பார்த்து, பலர் எல்லாவற்றுக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கு மனு எழுதுகிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள். அவர்களின் நியமனம், மாறுதல், மாற்றுப் பணி எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கையில். பள்ளியை இன்னொன்றோடு இணைப்பதும் துறையின், அரசின் முடிவுதான். கூரை ஒழுகுகிறது, சுற்றுச்சுவர் இடிந்துவிட்டது, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்றால் மட்டும் மீஞ்சூர் ஒன்றிய வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.), கிராம ஊராட்சி ஆகியோரிடம் போக வேண்டும்.

ஆசிரியர் பற்றிய புகாரை பி.டி.ஓ.விடம் கொடுத்தால், அது மேசை மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் அரைப் பரீட்சை வந்துவிடும். அந்தப் புகாருக்கு முதல் அதிகாரி வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.). அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கும் மேலே திருவள்ளூரில் முதன்மைக் கல்வி அலுவலர்.

குழுவில் நீங்கள் இருக்கிறீர்களா?

2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் நாற்காலியே இல்லாத அதே குப்பத்தில்தான் இந்தச் சட்டமும் இருக்கிறது! தமிழ்நாட்டில் 2024 மறுகட்டமைப்பில் உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது குழுவின் வேலை. கூட்டத்துக்கு வாங்க என்று கூப்பிட்டு, டீ கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புவதோடு முடிகிற குழுக்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. ‘ஒரு ஆசிரியர் மாற்றுப் பணியில் சென்றுள்ளார், அவரைத் திரும்ப அனுப்ப வேண்டும்’ என்பது தீர்மானப் பதிவேட்டில் ஏறினால், அடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் அதுவே ஆதாரம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடும். திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ‘தலைவரே இல்லையே, யார்கிட்ட கொடுக்கிறது?’ என்று அப்போது பலர் தயங்கினார்கள். தலைவர் பொறுப்பில் தனி அலுவலர் இருந்தாலும் மனுவை வாங்கியாக வேண்டும்.

மூன்று மாதக் கெடு

பலருக்குத் தெரியாத பிரிவு 32-வது பிரிவு. குழந்தையின் கல்வி உரிமை தொடர்பான குறை எதுவானாலும், யார் வேண்டுமானாலும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்கலாம். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை; வேலைக்காகச் சென்னைக்கு வந்துவிட்ட அண்ணன், அக்காவும் கொடுக்கலாம். சம்பந்தப்பட்டவர்களை விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். ‘உள்ளாட்சி அமைப்பு’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், பள்ளியின் மீது நிர்வாக அதிகாரம் உள்ள அமைப்பும் அடங்கும். அதனால், ஒரே மனுவைக் கிராம ஊராட்சிக்கும் பி.இ.ஓ.வுக்கும் சேர்த்து முகவரியிட்டுக் கொடுத்துவிடுங்கள். ‘அது எங்க வேலை இல்லை’ என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்வது கஷ்டம். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். முத்திரை தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

முடிவு திருப்தி இல்லையென்றால், சென்னையில் உள்ள தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். விசாரணையில் ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு.

மனுவில் என்ன எழுதுவது?

‘எங்கள் பிள்ளைகள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. சட்டம் சொல்லும் எண்களை எழுதுங்கள். 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் வேண்டும். 5-ம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள், 6 முதல் 8 வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும்.

பழவேற்காட்டில் இந்தத் தூரக் கணக்கு லேசான விஷயமில்லை. வரைபடத்தில் எதிர்க்கரை கூப்பிடு தூரம். நடுவில் தண்ணீர் கிடக்கும். சுற்றிப் போனால் தூரமே வேறு. வெள்ளம், சாலை இல்லாமை போன்ற ஆபத்து இருந்தால், அதைத் தவிர்க்கும்படி தூரத்தைக் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2010 விதிகள். பள்ளி இணைப்புப் பேச்சு வந்தால், பிள்ளை உண்மையில் நடக்கும் வழியை போனில் அளந்து, மழைக்காலப் படத்தோடு மனுவில் இணையுங்கள்.

இன்னொரு தேதி: ஆகஸ்ட் 1. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. ‘அப்புறமா சேர்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடும் நாலு வீடுகளால் ஒரு டீச்சரே போய்விடலாம்.

மாற்றுப் பணி ஆணையின் நகல், பள்ளிக்கு வந்த நிதி ஆகியவற்றை 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போய்வந்தால் ஒரு நாள் தொழில் போய்விடும். முடியாதவர்கள் ‘முதல்வரின் முகவரி’ தளத்திலோ 1100 எண்ணிலோ பதியலாம். கல்வி உதவி எண் 14417.

கோர்ட் வரைக்கும் போக முடியுமா?

முடியும். உத்தரப் பிரதேசத்தில் மாணவர் குறைந்த பள்ளிகளை இணைக்க 2025 ஜூனில் அரசு ஆணையிட்டபோது, சீதாபூர் மாவட்டக் குழந்தைகள் சார்பில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. தனி நீதிபதி ஜூலை 7-ல் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் ஜூலை 24 அன்று, சீதாபூரில் இருக்கும் நிலையே தொடரட்டும் என்று இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது.

வக்கீல் செலவுக்குப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.