ஒரே வீடு, ஐந்து எண்கள்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருபதுக்கு முப்பது மனையில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொத்து வரிக்கு மாநகராட்சி கொடுத்த எண் ஒன்று. மின் இணைப்புக்கு பெஸ்காம் கொடுத்த பத்து இலக்க எண் இன்னொன்று. குடிநீர் வாரியத்தின் ஆர்.ஆர். எண் வேறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திர எண். போதாததற்கு வீட்டுக்காரரின் ஆதார். ஐந்தும் சுற்றிவருவது ஒரே வீட்டைத்தான். ஆனால் நெடுங்காலமாக ஓர் அலுவலகத்தின் எண் இன்னொரு அலுவலகத்துக்குத் தெரியாது.

2024 அக்டோபரில் நிலைமை மாறியது. இ-காத்தா இல்லாமல் நகரில் சொத்துக் கிரயம் பதிவாகாது என்று அரசு அறிவித்தது. இந்தச் சொத்துக்கு வரி கட்டும் பொறுப்பு இன்னாருடையது என்று காட்டும் மாநகராட்சிப் பதிவேட்டுப் பக்கம்தான் காத்தா. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சொத்துகளின் வரைவுக் காத்தாக்கள் இணையத்தில் ஏற்றப்பட்டன. உரிமையாளர் தன் வரைவைத் தேடியெடுத்து, ஆதார், சொத்து வரி விண்ணப்ப எண், பத்திர எண், பெஸ்காம் எண், வீட்டின் புகைப்படம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். எல்லாம் பொருந்தினால் காத்தா வரும். பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் அதிகாரியின் மேசைக்குப் போகும்.

பெயரில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதிலும் தமிழர்கள். பத்திரத்தில் ‘சி. முனியப்பன்’. ஆதாரில் தந்தை பெயர் விரிந்து பின்னால் போய் ‘முனியப்பன் சின்னசாமி’. வரிப் பதிவேட்டில், எழுதியவர் காதில் விழுந்தபடி ‘முனியப்பா’. ஆள் ஒருவர்தான், கணினி மூவராக எண்ணுகிறது. முன்னெழுத்தை எங்கே போடுவது, ஒரு பெயரைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஒரு விதியை முதலில் வகுத்துவிட்டு இணைப்பு வேலையைத் தொடங்கியிருந்தால், இந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இதில் வியப்பு என்னவென்றால், இதே கர்நாடகத்தின் கிராமங்கள் இந்த வேலையை இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டன. ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்னின்று நடத்திய ‘பூமி’ திட்டத்தில், 177 தாலுகாக்களில் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் ஏறத்தாழ 2 கோடி பஹணிகள், அதாவது நில உரிமைப் பதிவுகள், கணினியில் ஏறின. சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு ‘காவேரி’ மென்பொருள் வந்தது. பிறகு இரண்டையும் இணைத்தார்கள். நிலம் கைமாறிப் பதிவானதும் தகவல் வருவாய்த் துறைக்குப் போய், பெயர் மாற்ற வேலை தொடங்கிவிடும்.

கிராமத்தில் முடிந்தது நகரத்தில் ஏன் முடியவில்லை? கிராமத்தில் சர்வே எண் இருந்தது. தாசில்தாருக்கும் சார்பதிவாளருக்கும் நில அளவையாளருக்கும் அது ஒன்றே. நகரத்தில் அப்படி ஒன்று இல்லை. 2007-இல் பிருஹத் பெங்களூரு மாநகராட்சி உருவானபோது, பழைய மாநகராட்சியோடு 7 நகரசபைகள், ஒரு புரசபை, 110 கிராமங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் தன் பதிவேட்டைத் தன் வழக்கப்படி எழுதிவந்திருந்தது. எல்லைகள் இணைந்தன, பதிவேடுகள் இணையவில்லை.

வார்டுகளின் கதையும் இதுதான். 198 வார்டுகள் 2022-இல் 243 ஆயின; 2023-இல் 225 ஆயின. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்து, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம் அமர்ந்தது. வார்டு எண்ணை மட்டும் நம்பி எழுதிய டெங்கு கணக்கோ குப்பைக் கணக்கோ, எல்லை மாறிய மறுநாளே ஒப்பிட முடியாததாகிவிடும்.

துறைகள் பேசிக்கொண்டால் என்ன நன்மை என்பதற்கு 2021-இல் வந்த ‘ரைத வித்யாநிதி’ நல்ல சாட்சி. விவசாயிகளின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரும் திட்டம் அது. நிலப் பதிவோடு சேர்ந்த விவசாயி அடையாள எண் ஒரு பக்கம், மாணவர் பதிவேடு மறுபக்கம். இரண்டையும் பொருத்திப் பார்த்தாலே யாருக்குப் பணம் சேர வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்துவிடும். தன்னிடமே உள்ள சான்றைக் கேட்டு அரசு ஓர் ஏழைத் தகப்பனைத் தாலுகா அலுவலகத்துக்கு விரட்டக் கூடாது.

ஆனால் இணைப்பே தீர்வு என்று நம்பிவிடவும் கூடாது. பக்கத்துத் தெலங்கானாவில் பல துறைத் தரவுகளைப் பொருத்திப் பார்த்து லட்சக்கணக்கான ரேஷன் அட்டைகளை ரத்து செய்தார்கள். ரத்தானவற்றை நேரில் போய்ச் சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. பூமி திட்டத்தையே 2007-இல் ஆராய்ந்த சாலமன் பெஞ்சமின் குழு, பதிவுகள் ஓரிடத்தில் குவிந்தது பெங்களூருவைச் சுற்றிப் பெரிய நில வணிகர்களுக்கே வசதியாயிற்று என்று எழுதியது. அந்தரங்கக் கேள்வியும் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 தீர்ப்புக்குக் காரணமான மனுதாரர், நீதிபதி கே.எஸ். புட்டசாமி, பெங்களூருவில் வாழ்ந்தவர்தான். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மானியம், சான்றிதழ், உரிமம் வழங்குவதற்காக மக்களின் தகவலைப் பயன்படுத்த அரசுக்குத் தாராளமாகவே வழிவிடுகிறது.

இணைப்பும் வேண்டும், காப்பும் வேண்டும் என்றால் எஸ்டோனியாவைப் பார்க்கலாம். அந்நாடு 2001-இல் ‘எக்ஸ்-ரோட்’ என்ற இணைப்பை அமைத்தது. அங்கே எல்லாத் தரவையும் ஒரே கிடங்கில் கொட்டவில்லை. ஒவ்வொரு துறையும் தன் பதிவைத் தானே வைத்துக்கொள்ளும். மற்றவை தேவைப்படும்போது கேட்டு வாங்கும். ஒரே தகவலுக்கு இரண்டு பதிவேடு தொடங்கச் சட்டமே தடை. தன் பதிவை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்று குடிமகன் இணையத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

பெங்களூருவுக்கு வேண்டியதும் இதுதான். உரிமையாளர் பெயருக்குப் பொறுப்பு எந்தத் துறை, கட்டடப் பரப்புக்கு எந்தத் துறை, வீட்டு முகவரிக்கு எது என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். பொறுப்புள்ள துறை பிழையைத் திருத்தினால், அந்தத் திருத்தம் மற்ற நான்கு அலுவலகங்களுக்கும் தானாகப் போய்ச் சேர வேண்டும். இப்போது முனியப்பன் ஒரே எழுத்துப் பிழைக்கு ஒவ்வொரு படியாக ஏறி இறங்குகிறார். ஐந்து மாநகராட்சிகளும் ஆளுக்கொரு படிவம் அச்சடிப்பதற்குள் அந்த அரசாணை வந்தாக வேண்டும்.