வீடு ரெடி, பணமும் ரெடி... ஆனா புதுசா வர்றவங்களை ஏத்துக்குமா ஜப்பான் சிற்றூர்கள்?

"எங்க ஊருக்கு வாங்க, வீடு தர்றோம், குடியேறப் பணமும் தர்றோம்." ஜப்பானின் சிற்றூர்கள் பல ஆண்டுகளாக நகரத்து மக்களை இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் 2023 ஜனவரியில் ஃபுகுய் மாகாணத்தில் உள்ள இகெடா என்ற சிறிய ஊர், தன்னுடைய ஊர் செய்தி இதழில் வேறு மாதிரியான ஓர் அறிவிப்பை வெளியிட்டது. புதிதாகக் குடிவருபவர்களுக்கு ஏழு அறிவுரைகள். அதில் ஒன்று, பட்டணத்து வாடையை இங்கே காட்டாதீர்கள் என்றது. இன்னொன்று, ஊரே உங்களைக் கவனித்து எடைபோடும், அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள் என்றது.

இணையத்தில் ஒரே களேபரம். "கூப்பிடுறதும் நீங்க, மிரட்டுறதும் நீங்களா?" என்ற ரீதியில் விமர்சனம் குவிந்தது. உண்மையில் ஜப்பானின் சிற்றூர்கள் வெளியூர்க்காரர்களை வரவேற்கின்றனவா? எங்கே சிக்கல் வருகிறது? எந்த ஊர் ஜெயித்தது? பார்க்கலாம்.

ஏன் இப்படி வருந்தி வருந்தி அழைக்கிறார்கள்?

ஆள் இல்லை. அதுதான் காரணம்.

ஜப்பானில் குழந்தைப் பிறப்பு தொடர்ந்து குறைந்துவருகிறது. பிறக்கும் கொஞ்சம் பேரும் படிப்பு, வேலை என்று டோக்கியோவுக்குப் போய்விடுகிறார்கள். 2014-ல் வெளியான ஒரு நிபுணர் குழு அறிக்கை, நாட்டின் 896 உள்ளாட்சிகள் காலப்போக்கில் இல்லாமலே போகும் ஆபத்தில் இருப்பதாகச் சொல்லி அதிர்ச்சி கொடுத்தது. 2024-ல் மீண்டும் கணக்கிட்டபோதும் அந்தப் பட்டியலில் 744 ஊர்கள் இருந்தன.

இதன் அடையாளம்தான் ‘அகியா’ எனப்படும் காலி வீடுகள். 2023-ம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாக இருக்கின்றன. மொத்த வீடுகளில் இது 13.8 சதவீதம். ஏழு வீட்டில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊரில் பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடம் மூடப்படும். பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்குக் குழந்தையோடு யாரும் குடிவர மாட்டார்கள். பிறகு பஸ் குறையும், கடை குறையும், டாக்டர் வருவது நிற்கும். அதனால் புதிதாக ஒரு குடும்பம் வருவது இந்த ஊர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

என்னவெல்லாம் தருகிறார்கள்?

டோக்கியோ நகரின் 23 வார்டுகளில் வசித்தவர்கள் அல்லது அங்கே வேலைக்குப் போய்வந்தவர்கள், தலைநகர வட்டாரத்தை விட்டு வெளியே குடியேறினால் ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம் யென் வரை உதவித்தொகை உண்டு. நம்ம பணத்தில் சுமார் ஐந்தரை லட்சம் ரூபாய்க்கு மேல். 2019-ல் தொடங்கிய திட்டம் இது. 2023 ஏப்ரல் முதல், 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் கூடுதலாக 10 லட்சம் யென் வரை தருகிறார்கள்.

நிபந்தனையும் இருக்கு. 3 ஆண்டுக்குள் கிளம்பிவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். 3 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் பாதி.

இது போக, 2009-ல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில் நகரத்து ஆட்களைச் சம்பளம் கொடுத்து 1 முதல் 3 ஆண்டு வரை சிற்றூர்களில் வேலைக்கு அமர்த்துகிறார்கள். உள்ளூர்ப் பொருட்களைச் சந்தைப்படுத்துவது, சுற்றுலா, விவசாயம் என்று பல வேலைகள். இப்போது இதில் 7,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். காலம் முடிந்த பிறகு இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் அதே பகுதியிலேயே தங்கிவிடுகிறார்கள் என்கிறது அரசுக் கணக்கு. நல்ல விகிதம்தான். ஆனால் மீதி மூன்றில் ஒரு பங்கு பேர் கிளம்பிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, சிக்கல் எங்க ஆரம்பிக்குது?

பணம் தருவது அரசாங்கம். கூட வாழப்போவது அக்கம்பக்கத்து வீடுகள். இந்த இரண்டும் ஒன்றில்லை என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஜப்பானில் பெரும்பாலான ஊர்களில் ‘ஜிச்சிகாய்’ என்ற குடியிருப்போர் சங்கம் இருக்கும். பெயரைக் கேட்டு அபார்ட்மென்ட் அசோசியேஷன் மாதிரி என்று நினைக்க வேண்டாம். வாய்க்கால் தூர் வாருவது, சாலையோரம் புல் வெட்டுவது, கோயில் திருவிழாவுக்கு ஏற்பாடு, தன்னார்வத் தீயணைப்புப் படை, குப்பை போடும் இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது எல்லாம் இதன் வழியாகத்தான் நடக்கிறது. ஊர் அறிவிப்புகளை ஓர் அட்டையில் வைத்து வீடு வீடாகச் சுற்றுக்கு விடும் வழக்கமும் உண்டு.

நம்ம ஊர்ல குடிமராமத்தும் தலைக்கட்டு வரியும் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படித்தான். வேலைக்கு ஆள் அனுப்பி, வரி கொடுக்கிற வீடுதான் ஊர்க் கணக்கில் வரும்.

நகரத்திலிருந்து வருபவருக்கு இது புரிவதில்லை. "வரி கட்டுறோமே, வாய்க்காலை பஞ்சாயத்து பார்த்துக்காதா?" என்று கேட்கிறார். ஊர்க்காரர் பார்வையில், 70 வயதில் தான் மண்வெட்டியோடு நிற்கும்போது, 35 வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்குகிற புதுசு ஊரை ஏய்க்கிறது. அவர் மேல் முழுத் தப்பு, இவர் மேல் முழுத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. யாரும் யாரிடமும் இதை முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான் பெரிய தப்பு.

அப்போ இகெடா செய்தது சரியா?

இகெடா மலையும் காடும் சூழ்ந்த ஊர். அறிவிப்பு வெளியானபோது மக்கள்தொகை 2,300 சுற்று. குளிர்காலத்தில் கடும் பனி விழும். பக்கத்து வீட்டு ஆள் உதவாமல் வாசலைக்கூடத் திறக்க முடியாத நாட்கள் வரும். அந்த ஏழு அறிவுரைகளில் பனியும் இருக்கிறது. இயற்கை சில நேரம் ஆபத்தாக மாறும், அக்கம்பக்கத்தோடு உதவிக்கொண்டு வாழுங்கள் என்கிறது அது. பொதுவேலைகளில் கலந்துகொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறது.

இதுவரை யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருக்காது. உங்கள் பழைய மதிப்பீடுகளை எங்கள் மேல் திணிக்காதீர்கள், உங்களை எடைபோடுவோம் என்ற இடத்தில்தான் தொனி மாறுகிறது. எடைபோடுவது என்றால் தராசு யார் கையில் இருக்கிறது? ஊர் கையில். புதிதாக வந்தவர் ஊரைப் பற்றிக் கருத்து சொல்லக் கூடாதா? எழுந்த முக்கிய விமர்சனம் இதுதான்.

இன்னொரு பக்கம் பார்த்தால், மற்ற ஊர்களில் எழுதாமல் இருக்கும் சட்டத்தை இகெடா எழுதிக் காட்டியது. வீடு, பணம், பசுமை என்று அழகான படம் மட்டும் காட்டி அழைத்துவிட்டு, வந்தபின் முகம் திருப்பும் ஊரைவிட இது நேர்மையானது என்றும் சொல்லலாம். ஆனால் நேர்மை மட்டும் போதாது. ‘நீங்கள் இப்படி இருக்க வேண்டும்’ என்று ஏழு வரி எழுதிய ஊர், ‘நாங்கள் உங்களுக்காக இப்படி மாறுவோம்’ என்று ஒரு வரியாவது எழுதியிருந்தால் இவ்வளவு எதிர்ப்பு வந்திருக்காது.

ஒதுக்கி வைத்தால் என்ன ஆகும்?

ஊர் விலக்கம் நமக்குப் புதிதில்லை. ஜப்பானிலும் அதற்கு ஒரு சொல் உண்டு: ‘முராஹாச்சிபு’. முரா என்றால் ஊர், ஹாச்சிபு என்றால் எட்டுப் பங்கு. ஊர் உறவுகள் பத்து என்றால் எட்டை வெட்டிவிட்டு, தீ விபத்து, சாவு இரண்டுக்கு மட்டும் வருவார்கள் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்.

பழங்கதை என்று நினைத்தால், ஒய்தா மாகாணத்தில் நடந்ததைப் பாருங்கள். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு 2009-ல் சொந்த ஊருக்குத் திரும்பினார் ஒருவர். விவசாய மானியம் தொடர்பான தகராறுக்குப் பிறகு, ஊர் அவரை ஒதுக்கியது. ஊர்க்கூட்டத்தில் சேர்க்கவில்லை. நகராட்சி இதழ்கூட அவர் வீட்டுக்கு வரவில்லை. 2017-ல் அந்த மாகாண வழக்கறிஞர் சங்கம் இதை மனித உரிமை மீறல் என்று சொல்லித் திருத்திக்கொள்ளச் சொன்னது. 2021-ல் நீதிமன்றம், ஊர்த் தலைவர்களாக இருந்த மூன்று பேர் அவருக்கு 14.3 லட்சம் யென் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இவர் அந்த மண்ணில் பிறந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்த ஊர்க்காரருக்கே இந்த நிலை என்றால், பெயர்கூடத் தெரியாத ஒருவர் எவ்வளவு தயங்குவார்!

சட்டம் தெளிவாக இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தில் சேருவது கட்டாயம் கிடையாது. 2005-ல் ஒரு வழக்கில், உறுப்பினர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தாலும், மறுநாள் காலையில் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொல்ல வேண்டும் என்று எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது.

ஜெயித்த ஊர் இருக்கா?

இருக்கிறது. ஷிகொக்கு தீவின் டோகுஷிமா மாகாணத்தில் உள்ள கமியாமா. 1950-களில் 20,000-க்கும் மேல் இருந்த மக்கள்தொகை இப்போது 5,000 சுற்று. மரத்தொழில் நலிந்து, இளைஞர்கள் வெளியேறிய மலையூர். ஆனால் 2011-ல் ஊரைவிட்டுப் போனவர்களைவிட ஊருக்குள் குடிவந்தவர்கள் அதிகம் என்ற செய்தி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

எப்படி நடந்தது? மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

முதலாவது, பழக்கம். கமியாமா 1999 முதல் வெளிநாட்டுக் கலைஞர்களை ஆண்டுதோறும் தங்க அழைக்கிறது. அவர்களைக் கவனித்துக்கொள்வதும், வேலைக்கு உதவுவதும் ஊர்க்காரர்கள்தான். வருடாவருடம் புதுமுகங்களைப் பார்த்துப் பழகிய ஊருக்கு வெளியாள் என்றால் பயம் குறைந்தது. இதற்கு முன்பே ஒரு அடித்தளமும் இருந்தது. ஷிகொக்கு தீவைச் சுற்றி 88 கோயில்களுக்கு நடந்து போகும் புகழ்பெற்ற யாத்திரை உண்டு. 12-வது கோயில் கமியாமாவில்தான் இருக்கிறது. நடந்து வரும் பக்தர்களுக்குச் சாப்பாடு, தேநீர் கொடுத்து உபசரிப்பது அந்தத் தீவின் வழக்கம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியில் மோர் கொடுக்கிற ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நடுவில் நிற்க ஆள். ஷின்யா ஒமினாமி என்ற உள்ளூர்க்காரரும் நண்பர்களும் தொடங்கிய ‘கிரீன் வேலி’ என்ற தொண்டு அமைப்பு, வருபவருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் பேசியது. காலி வீடு இருந்தாலும் முன்பின் தெரியாத ஆளுக்கு வாடகைக்கு விட யாரும் தயங்குவார்கள். "இவருக்கு நாங்க பொறுப்பு" என்று சொல்ல உள்ளூரில் ஒரு குரல் இருந்ததால் கதவு திறந்தது.

மூன்றாவது, தேவையைச் சொல்லிக் கூப்பிட்டது. ‘யார் வேணும்னாலும் வாங்க’ என்பதை விட்டுவிட்டு, இந்த வீடு பேக்கரி வைக்கிறவருக்கு, இந்த வீடு டிசைனருக்கு என்று குறிப்பிட்டு அழைத்தார்கள். வந்தவருக்கு முதல் நாளே ஊரில் ஒரு வேலை இருந்தது. ரொட்டி வாங்கப் போகிற சாக்கில் ஊரே அவரோடு பேசியது. 2010-ல் சன்சன் என்ற டோக்கியோ ஐடி நிறுவனம் பழைய வீடொன்றில் கிளை அலுவலகம் திறந்தது. 2023-ல் தொழில்நுட்பக் கல்லூரியே வந்துவிட்டது.

இதனால் கமியாமா முழுசா மீண்டுவிட்டது என்று சொல்ல முடியாது. முதியவர்கள் அதிகம் என்பதால் மொத்த மக்கள்தொகை இன்னும் குறைந்துதான் வருகிறது. ஆனால் வந்தவர்கள் ஊரின் பகுதியாகிவிட்டார்கள்.

குடிபோக நினைப்பவர் என்ன கேட்க வேண்டும்?

பல ஊர்களில் சோதனை முறையில் சில நாட்கள் அல்லது மாதங்கள் தங்கிப் பார்க்க வீடுகள் உண்டு. பணம் வாங்கி, 5 ஆண்டுக்குக் கட்டுப்படும் முன் இதைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். தங்கும்போது கேட்க வேண்டியவை:

- பொதுவேலை மாதம் எத்தனை நாள்? வர முடியாவிட்டால் என்ன செய்ய வேண்டும்?
- சங்கக் கட்டணம் எவ்வளவு? எதற்குச் செலவாகிறது?
- சங்கத்தில் சேராதவர் குப்பையை எங்கே போடுவது?
- எங்களுக்கு முன்னால் குடிவந்தவர்கள் யார்? அவர்களிடம் பேசலாமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். முன்னால் வந்தவர்கள் யாருமே ஊரில் மிச்சமில்லை என்றால், பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

நமக்கு இதுல என்ன இருக்கு?

இரண்டு விதத்தில் இருக்கிறது. ஒன்று, நம்மவர்களே அங்கே போகிறார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் 5 ஆண்டுகளில் 5 லட்சம் பேர் இரு நாடுகளுக்கும் இடையே சென்றுவர வழிசெய்யும் திட்டத்தை அறிவித்தன. அதில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பெற்றவர்கள் ஜப்பான் செல்வதும் அடக்கம். முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்கு ஆள் தேவை டோக்கியோவில் மட்டும் இல்லை, இதுபோன்ற சிற்றூர்களிலும் இருக்கிறது. போகிறவர்கள் மொழியோடு இந்த ஊர்ப் பழக்கத்தையும் கற்றுக்கொண்டு போனால் நல்லது.

இரண்டு, நாமும் அதே பாதையில்தான் இருக்கிறோம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8 என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான 2.1-ஐவிட இது குறைவு. மில், செங்கல் சூளை, ஹோட்டல், வயல் என்று நம் சிற்றூர்களிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு அழைத்தாயிற்று. வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் தருகிறோமா, கோயில் திருவிழாவில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு நம் பள்ளியில் பக்கத்து பெஞ்சில் நண்பன் கிடைக்கிறானா என்பதெல்லாம் வேறு கேள்விகள். உதவித்தொகை கொடுத்து அதற்கெல்லாம் பதில் வாங்க முடியாது என்பதைத்தான் ஜப்பான் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறது.