மருமகன் செய்த சதுரங்க யந்திரம்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் அரியலூரில் இறங்கி, சிமெண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்படும் பஸ்ஸில் ஏறிக் குலுங்கிக்கொண்டே போய்ச் சேர வேண்டும். என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் அது. ஆகையால் வருஷத்துக்கு இரண்டு தடவை இந்தக் குலுக்கல் எனக்கு உண்டு.

இந்தத் தடவை நான் போய் இறங்கியபோது வீடு வீடாக இல்லை. அக்கா கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து வெங்காயம் காரம் அதிகம். கண்ணில் இருந்த நீர் அதனால் வந்ததா, வேறு எதனாலோ என்று சொல்ல முடியவில்லை. பதினொரு வயது மருமகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இஞ்சினீயரிங் படிக்கும் மருமகன் மடியில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு, உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாருமே இல்லாதவன் போல் பாவனை செய்துகொண்டிருந்தான்.

"வாடா தம்பி. இந்தக் கூத்தை நீயே கேள்" என்றாள் அக்கா.

கூத்து இதுதான். மருமகன் ஆறு மாதமாக ராத்திரி கண்விழித்துச் சொந்தமாக ஒரு சதுரங்கப் புரோகிராம் எழுதியிருக்கிறான். தங்கை தினமும் அதனுடன் விளையாடிப் பழகியிருக்கிறாள். அந்தத் தைரியத்தில் முதல் நாள் அரியலூரில் நடந்த சிறுவர் போட்டிக்குப் போயிருக்கிறாள். முதல் இரண்டு ஆட்டம் ஜயம். மூன்றாவது ஆட்டத்தில் இவள் ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சினாள். பக்கத்துக் கட்டத்தில் இருந்த எதிரிச் சிப்பாய், நேராகவும் வராமல் குறுக்காகவும் மோதாமல், இவள் தாண்டி வந்த காலிக் கட்டத்தில் போய் நின்றுகொண்டது. எதிரே இருந்த பெண் இவளுடைய சிப்பாயைப் பலகையிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்!

"அது என் காய்! நீ எப்படி எடுப்பாய்?" என்று இவள் சத்தம் போட, நடுவர் வந்து, "அது விதிதான் அம்மா" என்று சொல்ல, சுற்றி இருந்த பிள்ளைகள் சிரிக்க, மிச்ச ஆட்டம் அத்தனையும் தோல்வி.

சதுரங்கம் அறியாத வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் பாயலாம். பாய்ந்து எதிரிச் சிப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றால், ஒரு கட்டமே நகர்ந்ததாகப் பாவித்து எதிரி அதை வெட்டிவிடலாம். ஆனால் உடனே செய்ய வேண்டும். ஒரு நகர்த்தல் தாமதித்தாலும் உரிமை போய்விடும். 'ஆன் பாஸான்' என்று பிரெஞ்சுப் பெயர்.

"அந்த விதியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன் மாமா. அபூர்வமாகத்தானே வரும்!" என்றான் மருமகன். பிறகு, குற்றத்தை மறைக்கும் பெருமையோடு, "ஆனாலும் என் புரோகிராமுக்கு 1800 பலம்" என்றான்.

இந்த 1800 என்ன கணக்கு? ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ என்பவர் வகுத்த முறை. உலகச் சதுரங்க சம்மேளனம் 1970-ல் ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் நடுவே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், பலசாலி நூற்றுக்குச் சுமார் 76 பங்கு எடுப்பார். 1800 என்றால் சாமானியமல்ல. தினமும் விளையாடுகிற நல்ல ஆட்டக்காரரின் தரம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தங்கை இருவரையும் அழைத்துக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். சதுரங்கப் பைத்தியம். பக்கத்து உடையார்பாளையத்துச் சிறுமி ஒருத்தி ஆசியப் பள்ளிப் போட்டியில் பதக்கம் வாங்கி வந்ததிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் காப்பி.

காப்பி முடிந்ததும் வாத்தியார் லாப்டாப்பைப் பார்த்தார். "விளையாட்டு அப்புறம். முதலில் எண்ணச் சொல்லு" என்றார்.

ஆட்டத்தின் ஆரம்பத்தில் வெள்ளைக்கு 20 நகர்த்தல் உண்டு. கறுப்பின் பதிலையும் சேர்த்தால் 400 வழி. மூன்றாவது நகர்த்தலோடு 8,902, நான்காவதோடு 1,97,281, ஐந்தாவதோடு 48,65,609. உலகமெங்கும் சதுரங்கப் புரோகிராம் எழுதுகிறவர்கள் இந்த எண்களைக் கொண்டுதான் தங்கள் யந்திரத்துக்கு விதிகள் சரியாகத் தெரியுமா என்று பார்க்கிறார்கள். மருமகன் பத்து நிமிஷத்தில் எண்ணும் பகுதியை எழுதி ஓட்டினான். 20 சரி. 400 சரி. 8,902 சரி. நான்காவதும் சரி. பையன் முகத்தில் புன்னகை. ஐந்தாவது வந்தது: 48,65,351.

"258 குறைகிறது" என்றார் வாத்தியார். "ஐந்தாவது நகர்த்தலில்தான் ஆன் பாஸான் முதல் முதலாக வர முடியும். அது 258 விதமாக வரும். நீ விட்டது அத்தனையும் இதோ இருக்கிறது."

மருமகள் அப்போதுதான் முதல் தடவையாகச் சுவரை விட்டு அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை.

வாத்தியார் விடவில்லை. வேறொரு நிலையை வைத்துப் பார்த்தார். ராஜா கோட்டை கட்டும்போது தாண்டிப் போகிற கட்டத்தை எதிரிக் காய் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டக்கூடாது என்பது விதி. மருமகனுடைய ராஜாவோ கல்யாண ஊர்வலம் போவதுபோல் தாராளமாகக் கடந்து போனார்!

இதற்காகப் பையனைக் குறை சொல்வதற்கில்லை. 1980-களின் தொடக்கத்தில் டேவிட் ஹார்ன் என்பவர் 672 பைட்டில், அதாவது நாலைந்து தபால் கார்டில் அடங்குகிற அளவில், ஒரு சதுரங்கப் புரோகிராமை எழுதினார். அதில் கோட்டையும் கிடையாது, ஆன் பாஸானும் கிடையாது, சிப்பாய் ராணியாவதும் கிடையாது. ஆனாலும் உலகம் வியந்தது. கம்ப்யூட்டர் கையில் இல்லாமலே ஆலன் டூரிங் காகிதத்தில் புரோகிராம் எழுதி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அரை மணி நேரம் தாமே கணக்குப் போட்டு, 1952-ல் ஒரு நண்பருடன் ஆடித் தோற்றார்.

எனக்குப் பிடித்த கதை ஒரு தம்பதியினுடையது. காத்தி ஸ்பிராக்லென், டான் ஸ்பிராக்லென் என்ற அமெரிக்கத் தம்பதி, வீட்டில் வைத்திருந்த சின்னக் கம்ப்யூட்டரில் 'சார்கான்' என்ற புரோகிராமை எழுதினார்கள். 1978-ல் சின்னக் கம்ப்யூட்டர்களுக்கு நடந்த போட்டியில் ஓர் ஆட்டமும் தோற்காமல் முதல் பரிசு. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஒரு அலமாரியை நகர்த்துவதே கஷ்டம் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது பலம். "1800 என்று எப்படிச் சொன்னாய்?" என்று கேட்டார் வாத்தியார். இலவசமாகக் கிடைக்கும் பழைய புரோகிராம் ஒன்று 1800 தரத்தது; அதனுடன் பத்து ஆட்டம் விட்டதில் ஐந்து ஜயம், ஐந்து தோல்வி; ஆகவே 1800 என்றான் மருமகன்.

வாத்தியார் பத்து ஆட்டத்தையும் வரிவரியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஜயித்த ஐந்தில் நாலு ஆட்டம் முதல் நகர்த்தலிலிருந்து கடைசி வரை அச்சடித்தாற்போல் ஒன்றே! யந்திரத்துக்கு அலுப்புக் கிடையாது. ஒரே நிலையில் ஒரே பதிலைச் சொல்லும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்தையும் வெவ்வேறு தொடக்கத்திலிருந்து ஆரம்பித்து, வெள்ளையும் கறுப்பும் மாற்றி மாற்றி ஆட வேண்டும். அதுவும் பத்து ஆட்டம் போதாது. பத்து ஆட்டத்தில் கிடைக்கும் எண் 200 புள்ளிக்கு மேல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறியிருக்கலாம். ஆயிரம் ஆட்டம் ஆடினால் 20 புள்ளிக்குள் வரும். இன்று உலகத்திலேயே முதல் வரிசையில் நிற்கும் 'ஸ்டாக்ஃபிஷ்' இலவசமானது. 2008-ல் சில ஆர்வக்காரர்கள் தொடங்கியது. அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தாலும், பல நாட்டுத் தொண்டர்களின் கம்ப்யூட்டர்களில் ஆயிரக்கணக்கான ஆட்டம் ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்கிறார்கள்.

பிறகு குணதோஷம். வாத்தியார் யந்திரத்துக்கு ராஜாவும் யானையும் கொடுத்து, தாம் வெறும் ராஜாவை வைத்துக்கொண்டார். பாலபாடம்; ஜயிக்கத் தெரிய வேண்டும். யந்திரமோ தான் ஜயிக்கிறோம் என்று பெரிய எண்ணாகக் காட்டிக்கொண்டே, யானையை வடக்கும் தெற்குமாக உலாத்த விட்டது. காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் ஐம்பது நகர்த்தல் போனால் ஆட்டம் சமன். அப்படியே ஆயிற்று.

இன்னொன்று எனக்கே பாடம். ராணி பறிபோவது நிச்சயம் என்று ஆனவுடன் யந்திரம் ஒரு சிப்பாயைப் பலி கொடுத்தது, பிறகு இன்னொன்று, பிறகு குதிரை. ராணியும் போயிற்று. நாலு நகர்த்தல் மட்டுமே பார்க்கும் யந்திரம், நஷ்டத்தை ஐந்தாவது நகர்த்தலுக்குத் தள்ளிவிட்டால் நஷ்டமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. 'தொடுவான மயக்கம்' என்று தமிழில் சொல்லலாம்; ஹான்ஸ் பெர்லினர் என்ற சதுரங்க நிபுணர் கொடுத்த பெயரின் கருத்து அதுதான். மாதக் கடைசியில் பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் தவணை சொல்லும் குடும்பஸ்தர்களுக்கு இந்த மயக்கம் பழக்கமானதே.

"அப்படியானால் நான் இதோடு விளையாடலாமா, கூடாதா?" என்று கேட்டாள் மருமகள். நியாயமான கேள்வி. வாத்தியார் குகேஷைப் பற்றிச் சொன்னார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகப் பட்டம் வென்ற நம் சென்னைப் பிள்ளை, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் யோசனைப்படி, கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும் வரை கம்ப்யூட்டரை ஆலோசனைக்கு வைத்துக்கொள்ளவில்லை. சொந்த மூளையால் யோசித்தே பழகினார். "நீ இதோடு விளையாடு, ஆனால் வாரத்தில் நாலு நாள் மனுஷாளோடு விளையாடு. இங்கே வா, நான் இருக்கிறேன்" என்றார். எனக்கு அதுவே சரி என்று படுகிறது. ஒரே யந்திரத்தோடு பழகுகிற குழந்தைக்கு அதன் தப்பும் சேர்ந்து பழகிவிடுகிறது.

திரும்பும் பஸ்ஸிலேயே மருமகன் ஆன் பாஸானை எழுதத் தொடங்கினான். ராத்திரி எட்டு மணிக்கு 48,65,609 வந்தது. ராஜாவின் ஊர்வலமும் நின்றது. பிறகு அந்தப் பழைய புரோகிராமோடு மின்னல் வேகத்தில் ஆயிரம் ஆட்டம் ஓடவிட்டுப் படுத்தான். "விடிய விடிய ஓடுகிறதே, கரண்டு பில்லை யார் கட்டுவது?" என்று அக்கா இருட்டில் கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

காலையில் ஆயிரத்துக்கு 240. வாத்தியார் கணக்குப்படி 200 புள்ளி மட்டம், அதாவது 1600. மருமகன் திரையில் எழுதியிருந்த 1800-ஐத் தானே அழித்து 1600 என்று போட்டான். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் முன் தங்கை உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடினாள். ஒன்பதாவது நகர்த்தலில் அவள் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்தது. யந்திரம் உடனே அதை ஆன் பாஸானில் வெட்டியது. நானும் அண்ணன்காரனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, சத்தத்தையே காணோம்?"

"குதிரையாலே திருப்பி வெட்டிட்டேம்மா" என்றாள் மருமகள், தலை நிமிராமல்.