கணினிக்குள் நமது பெயர்

தகவல் தொழில்நுட்பக் கொள்கை என்றதும் நம்மவர்கள் கோபுரத்தையும் கேபிளையும்தான் நினைக்கிறார்கள். இலங்கையில் கணினிக் கொள்கை 1983இலேயே வகுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தோடு தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் வந்தது. கிராமங்களுக்கு 'நெனசல' நிலையங்களும் வந்தன. நல்லதுதான். ஆனால் காத்தான்குடிக்கு அதைவிட முக்கியமானது, அதிகம் பேசப்படாத எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ் யுனிகோட் தர நியமம் (2008).

'பாமினி'யில் வாப்பா என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். உள்ளே கிடப்பதோ ஆங்கில எழுத்துக்களும் குறிகளும். எழுத்துருவை மாத்தினால் வேஷம் கலைஞ்சிடும், தேடினாலும் கிடைக்காது. யுனிகோடில் 'அ'வுக்கு 2949, 'ஹ'வுக்கு 3001. எந்த நாட்டுக் கணினியிலும் அதே எண்தான்.

ஆனாலும் எழுத்துக்கு எண் கிடைத்தால் பெயர் ஒன்றாகிவிடாது. முஹம்மது, முகம்மது, முகம்மத், மொஹமட் எல்லாம் கணினிக்கு நாலு பேர். அதுவும் சிங்களத்தில் எழுதிய பெயர் ஆங்கிலத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பும்போது சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியாது. எங்கட மாமா ஒருவருக்கு ஓர் அலுவலகத்தில் கிடைத்த பதில்: "அப்படி ஒரு ஆள் இல்லையே!" மனிசன் முன்னால நிற்கிறார்! பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் 'ஹ', அடையாள அட்டையில் 'க'. சத்தியக் கடதாசி முடிக்க மூன்று மாசம் அலைந்தார்.

பதிவேடுகளைக் கணினிமயமாக்குவோர் ஒரே பெயரின் பல வடிவங்களை இணைக்கும் பட்டியலொன்றையும் தயாரிக்க வேண்டும். அரபுப் பெயர்களுக்கு அதை நம்மூர் ஆலிம்களும் ஆசிரியர்களுமே தொகுத்துக் கொடுக்கலாம். பிள்ளைக்குப் பெயர் பதியப் போகிறவர்கள், மும்மொழியிலும் எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.