'நாத்தம் போயிடுச்சு'ன்னு தொட்டிக்குள்ளே இறங்காதீங்க! தோல் ஷாப் தொழிலாளர்களே உஷார்

ஆம்பூர்:

தோல் ஷாப் கழிவுநீர் தொட்டியை சுத்தம் செய்ய ஒருத்தர் இறங்குகிறார். சத்தமே இல்லாமல் சுருண்டு விழுகிறார். என்னாச்சோன்னு பதறி இன்னொருத்தர் குதிக்கிறார். அவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்து மூணாவது ஆள்... மறுநாள் பேப்பரில் 'விஷவாயு தாக்கி 3 பேர் பலி' என்று நாலு வரி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் செய்தி சேகரிக்கிறவங்களுக்கு இந்த நாலு வரி மனப்பாடம். ஊர் பேரும் ஆள் பேரும்தான் மாறும்.

ஆளை சாய்க்கிற அந்த வாயு எங்கிருந்துதான் வருது?

பேரு ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அதேதான். தோலில் முடி எடுக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு கலந்து ஊற வைக்கிறார்கள். அந்த தண்ணி தொட்டிக்கு போகும். அப்புறம் தோலை ஆசிட்டும் உப்பும் கலந்து ஊற வைத்த தண்ணியும் அதே தொட்டியில் விழுந்தால் போச்சு. சல்பைடும் ஆசிட்டும் சேர்ந்ததுமே வாயு கிளம்பிடும். ஆசிட் சேராவிட்டாலும் நாள்பட்ட சேற்றில் காத்து படாமல் வளர்கிற கிருமிகள் இதே வாயுவை உண்டாக்கும். சாயப்பட்டறை தொட்டி, வீட்டு செப்டிக் டேங்க் எல்லாத்திலும் இதே கதைதான்.

மூக்கை நம்பாதீங்க

இந்த வாயுவோட சூழ்ச்சியே இங்கேதான் இருக்கு. ரொம்ப குறைவாக இருக்கும்போது நாத்தம் குடலை பிடுங்கும். 10 லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வாயு சேர்ந்தாலே சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். நாத்தம் தெரியாது. 'வாடை போயிடுச்சு, இறங்கலாம்'னு மேஸ்திரி சொல்ற நேரம்தான் ஆபத்தான நேரம். 700, 1000 பங்கு என்று ஏறிவிட்டால் ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு தப்பும். கத்தக்கூட முடியாது.

காற்றைவிட கனமான வாயு என்பதால் தொட்டி அடியிலேயே படுத்துக் கிடக்கும். மேலே நிற்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. சேற்றை மண்வெட்டியால் கிளறினால் சோடா பாட்டிலை குலுக்கின மாதிரி குபீர்னு கிளம்பும். அதனால் காலையில் ஒரு தடவை சோதிச்சாச்சு என்பது மத்தியானத்துக்கு செல்லாது.

விளக்கு சோதனை வேண்டாம்

கிணத்துக்குள் விளக்கை இறக்கிப் பார்க்கிற பழக்கம் நம்ம ஊரில் உண்டு. இங்கே அது உதவாது. ஆளைக் கொல்லும் அளவு வாயு இருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரியும். அதோடு இது தீப்பிடிக்கிற வாயு. விளக்கே வெடியாகிவிடலாம். மூக்கில் ஈரத்துணி கட்டுவது, தூசுக்கு போடுற மாஸ்க் இரண்டும் சும்மா மன ஆறுதலுக்குத்தான்.

முதலில் ஆளே இறங்காமல் மோட்டார், உறிஞ்சு லாரி வைத்து முடியுமான்னு பார்க்கணும். இறங்கியே ஆகணும்னா புளோயர் வைத்து நல்ல காத்தை அடியில் செலுத்தி, மீட்டரில் சோதித்து, வேலை முடியும் வரை மீட்டரை ஓட விடணும். வெளியிலிருந்து காத்து வருகிற முகக்கவசம் வேணும். இடுப்பில் பெல்ட், அதில் கயிறு. கயிறோட மறுமுனையை மேலே ஒருத்தர் பிடித்தபடியே நிற்கணும், டீ குடிக்க போகக்கூடாது. பொறுப்பான ஆளோட எழுத்து மூலமான அனுமதி, பெல்ட், கயிறு எல்லாம் 1948-ல் வந்த தொழிற்சாலை சட்டம் 36-வது பிரிவிலேயே எழுதி வெச்ச சமாச்சாரம். கயிறு என்ன லட்ச ரூபாயா?

காப்பாற்ற குதிக்காதீங்க

மூடிய தொட்டிகளில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்ற போனவர்கள் என்று அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே சொன்னது. உள்ளே கிடப்பது அண்ணனோ மச்சானோ, மனசு கேட்காதுதான். ஆனாலும் குதிக்கக்கூடாது. கயிறு இருந்தால் மேலிருந்து இழுங்க. புளோயரை போடுங்க. 101-க்கு போன் செய்து விஷவாயு என்று சொல்லுங்க, தீயணைப்பு வீரர்கள் காத்து சிலிண்டரோடு வருவார்கள். 108-ஐயும் கூப்பிடுங்க.

தொட்டி வேலைக்கு பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்களைத்தான் கூப்பிடுகிறார்கள். ஈ.எஸ்.ஐ.யில் பேர் இருந்தால், வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் உண்டு. 'காண்ட்ராக்டர் கட்டலை, எனக்கென்ன'ன்னு முதலாளி கைகழுவ முடியாது. தொட்டி மூடியை திறக்கிறதுக்கு முன்னாடி உங்க ஈ.எஸ்.ஐ. நம்பரை கேட்டு வாங்கி வையுங்க.