பழி மார்கழி மேலே... பாவம் சித்திரை மேலே!

மார்கழி மாசம், காலை எட்டேகால். கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஓய்ந்ததும் தெருவில் அடுத்த கச்சேரி ஆரம்பம். 'க்ர்ர்... க்ர்ர்... டக்... டக்...'

வித்வான் நம்மாள்தான். அயர்ன் சட்டை, தோளில் டிபன் பை, கட்டைவிரல் செல்ஃப் பட்டனில். ஆபீஸில் விரல் ரேகை மிஷின் காத்திருக்கிறது. அது காரணமெல்லாம் கேட்காது. லேட் என்றால் லேட்!

"பனிக்கு வண்டி அப்படித்தாம்ப்பா இழுக்கும்" என்பார் எதிர்வீட்டு மாமா.

போன மார்கழியில் அரைநாள் சம்பளத்தைப் பறிகொடுத்துவிட்டு, இதே வசனத்தோடு செல்லூர் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். சிரித்துவிட்டார். "ஏண்ணே, இது மதுரையா மணாலியா?"

வாஸ்தவம்தான். மார்கழி விடியலில் மதுரை சுமார் 20 டிகிரிக்குத்தான் இறங்குகிறது. அந்தக் குளிருக்கு நல்ல பேட்டரி அசைந்து கொடுக்காது.

"அப்ப யாருதான் குற்றவாளி?"

"சித்திரை வெயிலுண்ணே!"

40 டிகிரியில், நிழலில்லாத இடத்தில் நாள் முழுக்க நிற்கும் வண்டியில் பேட்டரித் தண்ணீர் வற்றுகிறது. உள்ளே ஈயத் தகடு அரிக்கிறது. பாதி உயிரோடு ஐப்பசி வரை ஒப்பேற்றிவிடும். மார்கழியில் ஆயில் லேசாகக் கெட்டியாகி, இன்ஜினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கும்போது கையை விரித்துவிடும். போதாததற்கு வீட்டுக்கும் ஆபீஸுக்கும் மூன்றே கிலோமீட்டர். அதில் பாதி நேரம் கோரிப்பாளையம் சிக்னலில்! செல்ஃப் எடுத்த கரண்ட்டை திருப்பிப் போட நேரமேது?

சரி, காலையில் மக்கர் பண்ணினால்?

* செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் அமுக்காதீர்கள். பதினைந்து விநாடி ஓய்வு கொடுத்து மறுபடி முயலுங்கள்.

* கிக்கர் இருந்தால் கௌரவம் பார்க்காமல் உதையுங்கள்.

* கார்புரேட்டர் வண்டியா? சோக்கை இழுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியா (2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவை பெரும்பாலும் இதுதான்)? சாவியைத் திருப்பி, பெட்ரோல் பம்ப்பின் 'ஊய்ங்' சத்தம் அடங்கியதும் பட்டனைத் தொடுங்கள்.

* கியர் வண்டி என்றால் சாவி ஆன், செகண்ட் கியர், கிளட்ச்சைப் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் விடலாம். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப்பே ஓடாது. கியர் இல்லாத ஸ்கூட்டரையோ அழகர்கோவில் வரை தள்ளினாலும் பலனில்லை, வேர்வைதான் மிச்சம்!

ஆபத்து வருமுன் கண்டுபிடிக்கவும் வழியுண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே போனால் உடனே சார்ஜுக்குக் கொடுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையைக் கழற்றித் துடைத்து வாசலின் தடவுங்கள். மூடி திறக்கிற பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

1980-ல் வந்த தாத்தா காலத்து டி.வி.எஸ். 50-க்கு இந்தத் தலைவலியே இல்லை. பெடலை மிதித்தால் மேக்னெட்டோ தானே தீப்பொறி கொடுத்துவிடும். நமக்குத்தான் பட்டன் சுகம் பழகிவிட்டதே!

எனவே, சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது உங்கள் பேட்டரியையும் ஒரு தடவை நினைத்து, வண்டியை நிழலில் நிறுத்துங்கள். மார்கழியில் அது உங்களை நினைத்துக்கொள்ளும்!